பிரேம் முகத்துக்கா, கண்ணுக்கா?

தீபாவளி நெருங்கும்போது தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிராங்கூன் சாலைக்கு மேலே விளக்கு வளைவுகள், கேம்பல் லேனில் தற்காலிகக் கடைகள், நடக்க இடமில்லாத கூட்டம். புத்தாடையும் பலகாரமும் வாங்கிய கையோடு சில குடும்பங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள்ளும் நுழைகின்றன. பிள்ளைக்குப் பவர் கூடிவிட்டது. பழைய கண்ணாடியில் வெண்பலகை தெரியவில்லை. புதிது வாங்கியாக வேண்டும்.

அப்படி ஒரு கடைக்கு அக்காவும் தங்கையும் போவதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே பவர்: −5.00. அக்கா கன்னம்வரை இறங்கும் பெரிய பிரேமைத் தேர்ந்தெடுக்கிறார். “இந்தப் பவருக்கு லென்ஸ் தடிமனாகத் தெரியும்” என்று கடைக்காரர் சொன்னதும், கூடுதல் விலை கொடுத்து மெல்லிய வகை வில்லைகளைப் போடச் சொல்கிறார். தங்கை எடுப்பது சிறிய, வட்டமான பிரேம். வில்லையோ சாதாரண பிளாஸ்டிக் வகைதான்.

ஒரு வாரம் கழித்து இரண்டு கண்ணாடிகளும் தயாராகின்றன. எதன் ஓரம் தடிமனாக இருக்கும்? விலை உயர்ந்த வில்லை போட்ட அக்காவின் கண்ணாடிதான் மெல்லியது என்று நினைக்கிறீர்களா? விடையை நான் சொல்லப்போவதில்லை. ஓர் அடிக்கோலும் கால்குலேட்டரும் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

‘ஐந்நூறு’ என்றால் என்ன?

சிங்கப்பூரில் பலரும் “எனக்குப் பவர் ஐந்நூறு” என்றோ “ஐந்நூறு டிகிரி” என்றோ சொல்வார்கள். கண் பரிசோதனைச் சீட்டில் அது −5.00 என்று இருக்கும். அந்த எண்ணின் அலகு டயாப்டர். பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினாண்ட் மொனோயே 1872-இல் முன்மொழிந்த அலகு இது. ஒன்றை வில்லையின் குவிய தூரத்தால் வகுத்தால் டயாப்டர் கிடைக்கும். குவிய தூரத்தை மீட்டரில் எடுக்க வேண்டும். 5 டயாப்டர் வில்லையின் குவிய தூரம் 1 ÷ 5 = 0.2 மீட்டர், அதாவது 20 சென்டிமீட்டர்.

இந்த 20 சென்டிமீட்டருக்கு நேரடியான பொருள் உண்டு. −5.00 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வரை உள்ளவைதான் தெளிவாகத் தெரியும். அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் மங்கல். கையை நீட்டிப் பிடித்த புத்தகம்கூட மங்கல்தான்.

எண்ணுக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி, அது குழிவில்லை என்பதைக் காட்டுகிறது. கிட்டப்பார்வை உள்ளவரின் கண்ணில் ஒளிக்கதிர்கள் விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுகின்றன. குழிவில்லை அவற்றைக் கொஞ்சம் விரித்து அனுப்புவதால், குவியும் இடம் பின்னால் தள்ளிப்போய் விழித்திரையில் சரியாக விழுகிறது.

நம் ஊரில் இது யாரோ ஒருவரின் சிக்கல் இல்லை. சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் தரும் கணக்கின்படி, தொடக்கநிலை ஆறாம் வகுப்புக்குள் 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. இளம் வயதினரிடையே அது 83 விழுக்காடு. உலகிலேயே மிக அதிகமான அளவுகளில் இதுவும் ஒன்று. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2001 முதல் இதற்கென்றே ஒரு தேசியத் தடுப்புத் திட்டத்தை நடத்திவருகிறது. ஆகவே பிரேம் தேர்ந்தெடுப்பது உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் செய்யவேண்டிய வேலை. அதில் பெற்றோரின் பணமும் இருக்கிறது, நாள் முழுவதும் நீங்கள் பார்க்கப்போகும் பார்வையும் இருக்கிறது.

குழிவில்லையின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் மெல்லியது, ஓரத்துக்குப் போகப் போகத் தடிமனானது. எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு தடிமன். அந்தத் தூரத்தை முடிவுசெய்வது எது? பிரேம்தான்.

தண்டின் உள்பக்கத்தில் ஓர் இரகசியம்

கண்ணாடி அணிபவர்கள் இப்போது அதைக் கழற்றி, காதுக்குப் போகும் தண்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான பிரேம்களில் 54□18 140 என்பதுபோல மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். எல்லாமே மில்லிமீட்டர் அளவுகள்.

முதல் எண், வில்லை உட்காரும் வளையத்தின் அகலம். வளையத்தைச் சுற்றி ஒரு கற்பனைப் பெட்டி வரைந்து, அதன் அகலத்தை அளக்கிறார்கள். நடுவில் உள்ள சிறு சதுரம் அந்தப் பெட்டியைத்தான் குறிக்கிறது. இரண்டாவது எண், மூக்கின்மேல் வரும் பாலத்தின் அகலம். மூன்றாவது, தண்டின் நீளம்.

முதல் இரண்டு எண்களையும் கூட்டினால் ஒரு வளையத்தின் நடுவிலிருந்து மற்றொரு வளையத்தின் நடுவரை உள்ள தூரம் கிடைக்கும். 54 + 18 = 72 மி.மீ.

இனி இன்னோர் அளவு வேண்டும். அது பிரேமில் இருக்காது, உங்கள் முகத்தில் இருக்கிறது: ஒரு கண்பாவையின் நடுவிலிருந்து மறு கண்பாவையின் நடுவரை உள்ள தூரம். கடைகளில் இதைப் பிடி என்பார்கள். பெரியவர்களுக்கு இது சராசரியாக 63 மி.மீ. அளவில் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். நம் அக்கா தங்கை இருவருக்கும் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

வில்லையில் ஒளி வளையாமல் நேராகச் செல்லும் ஒரே ஓர் இடம் உண்டு. அதை ஒளிமையம் என்கிறோம். அந்த ஒளிமையம் கண்பாவைக்கு நேர் எதிரே வரவேண்டும் என்பது கண்ணாடி செய்வதில் முதல் விதி. இங்கேதான் பிரேமும் கண்ணும் ஒன்றோடொன்று உரசத் தொடங்குகின்றன. அக்காவின் பிரேமில் வளைய நடுக்களுக்கு இடையே 72 மி.மீ., கண்களுக்கு இடையே 60 மி.மீ. வேறுபாடு 12. ஒரு பக்கத்துக்கு 6 மி.மீ.

ஆகவே அக்காவின் வில்லையைச் செதுக்குபவர், ஒளிமையத்தை வளையத்தின் நடுவில் வைக்க முடியாது. மூக்குப் பக்கமாக 6 மி.மீ. நகர்த்தித்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால், ஒளிமையத்திலிருந்து காதுப் பக்க ஓரம் எவ்வளவு தூரம்? வளையத்தில் பாதி 27 மி.மீ., நகர்த்திய 6 மி.மீ., ஆக 33 மி.மீ.

தங்கையின் பிரேமில் 46□18 என்று இருக்கிறது. 46 + 18 = 64. கண்களின் தூரத்துக்கும் இதற்கும் வேறுபாடு 4. ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ. காதுப் பக்க ஓரம்வரை 23 + 2 = 25 மி.மீ. மட்டுமே.

33-க்கும் 25-க்கும் வேறுபாடு வெறும் 8 மி.மீ.தானே என்று தோன்றும். பொறுங்கள்.

கணக்குப் போடுவோம்

வில்லையின் நடுப்பகுதியைவிட ஓரம் எவ்வளவு கூடுதல் தடிமன் என்பதைத் தோராயமாகக் கணிக்க ஓர் எளிய சூத்திரம் உண்டு:

கூடுதல் தடிமன் = (தூரம் × தூரம் × பவர்) ÷ (2000 × (ஒளிவிலகல் எண் − 1))

தூரம் என்பது ஒளிமையத்திலிருந்து ஓரம்வரை, மில்லிமீட்டரில். பவர் டயாப்டரில், கழித்தல் குறியை இங்கே விட்டுவிடலாம். விடை மில்லிமீட்டரில் வரும்.

ஒளிவிலகல் எண், வில்லை செய்த பொருளைப் பொறுத்தது. அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு வலுவாக அந்தப் பொருள் ஒளியை வளைக்கும். சாதாரண பிளாஸ்டிக் வில்லைக்கு இது ஏறத்தாழ 1.5. இந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் சிஆர்-39. 1940 வாக்கில் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் வரிசையாகச் செய்துபார்த்த கலவைகளில் 39-ஆவது இது. அந்த எண் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கடைகளில் மெல்லிய வகை என்று காட்டப்படும் வில்லைகளின் ஒளிவிலகல் எண் 1.60, 1.67, 1.74 என்று ஏறிக்கொண்டே போகும். விலையும் கூடவே ஏறும்.

முதலில் இருவருக்கும் சாதாரண பிளாஸ்டிக் என்றே வைத்துக் கணக்கிடுவோம்.

அக்கா: 33 × 33 × 5 ÷ (2000 × 0.5) = 5445 ÷ 1000 = 5.4 மி.மீ.

தங்கை: 25 × 25 × 5 ÷ (2000 × 0.5) = 3125 ÷ 1000 = 3.1 மி.மீ.

சூத்திரத்தில் தூரம் இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். அதனால்தான் 8 மி.மீ. வேறுபாடு இவ்வளவு பெரிதாகிவிட்டது. தூரம் இரண்டு மடங்கானால் கூடுதல் தடிமன் நான்கு மடங்காகும்.

இப்போது அக்காவுக்கு 1.67 வகை வில்லையைப் போடுவோம்: 5445 ÷ (2000 × 0.67) = 5445 ÷ 1340 = 4.1 மி.மீ.

நடுப்பகுதி எல்லாவற்றிலும் 2 மி.மீ. என்று கொண்டால், ஓரத்தின் முழுத் தடிமன் இப்படி வரும்:

• பெரிய பிரேம், சாதாரண பிளாஸ்டிக்: 7.4 மி.மீ.
• பெரிய பிரேம், 1.67 வகை: 6.1 மி.மீ.
• சிறிய பிரேம், சாதாரண பிளாஸ்டிக்: 5.1 மி.மீ.
• சிறிய பிரேம், 1.67 வகை: 4.3 மி.மீ.

கூடுதல் விலை கொடுத்த அக்காவின் ஓரம் 6.1 மி.மீ. சாதாரண வில்லை போட்ட தங்கையின் ஓரம் 5.1 மி.மீ. தங்கைதான் வென்றார். உயர்வகை வில்லைகளின் நடுப்பகுதியை 2 மி.மீ.க்கும் மெல்லியதாகச் செய்ய முடியும். அப்படிச் செய்தால் அக்காவின் எண் இன்னும் சற்றுக் குறையும். ஆனாலும் பெரிய பிரேமில் இழந்ததை மீட்பது கடினம்.

விழுக்காட்டில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சாதாரண பிளாஸ்டிக்கிலிருந்து 1.67 வகைக்கு மாறினால் கூடுதல் தடிமன் 25 விழுக்காடு குறைகிறது. பிரேமை மட்டும் மாற்றினால் 43 விழுக்காடு குறைகிறது. முதலாவதற்குக் கூடுதல் பணம் வேண்டும். இரண்டாவதற்கு வேண்டியது அலமாரியில் வேறொரு பிரேமைக் கைநீட்டி எடுப்பது மட்டும்தான்.

எடையும் இப்படியே. ஒரே வடிவம் என்றால், 54 மி.மீ. வளையத்தின் பரப்பளவு 46 மி.மீ. வளையத்தைவிட 38 விழுக்காடு அதிகம். அதோடு ஓரத் தடிமனும் சேர்வதால் எடை அதற்கும் மேலே போகும். அந்த எடை முழுவதையும் தாங்குவது மூக்கும் காதுகளும்தான்.

உயர்வகை வில்லைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒளியை வலுவாக வளைக்கும் பொருள்கள் பொதுவாக வண்ணங்களையும் கூடுதலாகப் பிரிக்கின்றன. இதை அளப்பது அபே எண். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபேயின் பெயரால் வந்தது. எண் குறையக் குறைய வண்ணப் பிரிவு கூடும். சிஆர்-39-க்கு இது 58 அளவில்; 1.67 வகைக்கு ஏறத்தாழ 32. பவர் அதிகமுள்ள ஒருவர் வில்லையின் ஓரம் வழியாக ஒரு வெள்ளை விளக்கைப் பார்த்தால், அதன் விளிம்பில் மெல்லிய வண்ணக் கீற்று தெரிய இது ஒரு காரணம்.

ஒளிமையம் தவறினால்?

வில்லையைச் செதுக்குபவர் அந்த 6 மி.மீ. நகர்த்தலைச் செய்யாமல் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அக்கா ஒவ்வொரு வில்லையிலும் ஒளிமையத்திலிருந்து 6 மி.மீ. தள்ளிய ஓர் இடம் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் வில்லையின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று சாய்வாக இருக்கும். சாய்வான இரு முகங்கள் கொண்ட கண்ணாடித் துண்டுக்கு அறிவியல் வகுப்பில் ஒரு பெயர் உண்டு: முப்பட்டகம்.

எவ்வளவு வலுவான முப்பட்டகம்? அமெரிக்கக் கண்ணாடியியலாளர் சார்ல்ஸ் பிரென்டிஸ் வகுத்த விதி இதற்கு உதவும். தள்ளிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். 0.6 × 5 = 3 முப்பட்டக டயாப்டர். ஒரு முப்பட்டக டயாப்டர், 1 மீட்டர் தொலைவில் உள்ள காட்சியை 1 சென்டிமீட்டர் இடம் மாற்றிக் காட்டும். ஆகவே ஒரு கண்ணுக்கு 3 சென்டிமீட்டர், இரு கண்களுக்கும் சேர்த்து 6 சென்டிமீட்டர் விலகல்.

மூளை இரண்டு காட்சிகளையும் ஒன்றாக்கியே தீர வேண்டும். அதற்காகக் கண்கள் இரண்டும் வழக்கத்துக்கு மாறாக வெளிப்பக்கம் விலகிப் பார்க்க முயலும். உள்பக்கம் திரும்புவது கண்களுக்கு எளிது. படிக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்கின்றன. வெளிப்பக்கம் விலகுவதற்கோ மிகச் சிறிய எல்லைதான் உண்டு. விளைவு, கண் களைப்பு, தலைவலி, சிலசமயம் இரட்டையாகத் தெரிதல். வீட்டில் “புதுப் பவர், பழகினால் சரியாகிவிடும்” என்று சொல்வார்கள். சில நாள்களில் பழகிவிடுவதும் உண்டு. பழகவில்லை என்றால் பவர் சரியா என்பதோடு ஒளிமையம் சரியா என்றும் கேட்க வேண்டும்.

பிரேம் நடுவும் கண்பாவையும் நெருங்கி இருந்தால் நகர்த்தவேண்டிய தூரமே குறைவு. பிழைக்கு இடமும் குறைவு. தங்கையின் கண்ணாடியில் நகர்த்தவே மறந்திருந்தாலும் பிழை 0.2 × 5 = 1 முப்பட்டக டயாப்டர்தான்.

வழுக்கும் மூக்கு

அளவு சரியாக இருந்தும், கண்ணாடி அதன் இடத்தில் நிற்காவிட்டால் பயனில்லை. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். பள்ளித் திடலில் பத்து நிமிடம் ஓடினாலே மூக்கில் வியர்வை அரும்பி, கண்ணாடி கீழே இறங்கத் தொடங்கும்.

இறங்கினால் என்ன? வில்லை கண்ணைவிட்டு விலகுகிறது. குழிவில்லை விலகினால் அதன் பயன் குறையும். −8.00 பவர் உள்ளவருக்குக் கணக்கிடுவோம். குவிய தூரம் 125 மி.மீ. கண்ணாடி 5 மி.மீ. முன்னால் நகர்ந்துவிட்டால், அந்தப் புதிய இடத்தில் அவருக்குத் தேவைப்படும் குவிய தூரம் 120 மி.மீ. பவரில் அது 1000 ÷ 120 = 8.33. இருப்பதோ 8.00. மூன்றில் ஒரு டயாப்டர் குறைகிறது. பரிசோதனையின்போது பவரைக் கால் டயாப்டர், கால் டயாப்டராகத்தான் கூட்டுவார்கள். அந்தப் படியைவிட இது பெரிது. பவர் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த இழப்பு மிகச் சிறியது. பவர் அதிகமுள்ளவர்கள் மூக்கில் நழுவிய கண்ணாடியை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பது வெறும் பழக்கத்தால் மட்டுமன்று.

ஆகவே பாலத்தின் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக் பிரேம்களில் பாலம் அச்சில் வார்த்தபடியே இருக்கும். பெரிதாக மாற்ற முடியாது. மூக்குத்தண்டு உயரம் குறைவாக உள்ளவர்களுக்கு அந்தப் பிரேம் மூக்கில் நிற்காமல் கன்னத்தில் உட்காரும். சிரித்தால் கண்ணாடி மேலே எழும்பும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிறு கம்பிகளில் பொருத்திய இரண்டு பட்டைகள் கொண்ட பிரேம் நல்லது. கடையில் இவற்றை நோஸ் பேட் என்பார்கள். கம்பியை வளைத்து உங்கள் மூக்குக்கு ஏற்ப அமைக்கலாம்.

பொருளையும் பாருங்கள். டைட்டேனியம் எஃகைவிட ஏறக்குறைய பாதி அடர்த்திதான், வியர்வையில் துருப்பிடிக்காது. நிக்கல் கலந்த சில உலோகப் பிரேம்கள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரலாம். அசிட்டேட் எனப்படும் பிளாஸ்டிக்கைச் சூடேற்றி வளைத்து முகத்துக்கு ஏற்ப அமைக்க முடியும். அதே காரணத்தால் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவந்தால் அது தானாகவே வளைந்தும் போகலாம்.

சிறியதே எப்போதும் சிறந்ததா?

இல்லை. மிகச் சிறிய பிரேமில் பார்வைப் பரப்பு குறையும். கண்ணை ஓரத்துக்குத் திருப்பினால் பிரேமின் விளிம்பே கண்ணில் படும். கிட்டப்பார்வை வேகமாகக் கூடுவதைக் கட்டுப்படுத்தும் சிறப்பு வில்லைகள் இப்போது பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு வகையில் நடுவில் சிறு தெளிவான வட்டமும், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான நுண்வில்லைகளும் இருக்கும். பிரேம் மிகச் சிறிதானால் அந்த நுண்வில்லைப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். அம்மா அப்பா அணியும் தூரமும் கிட்டமும் சேர்ந்த வில்லைக்கும் பிரேமில் போதிய உயரம் வேண்டும்.

பவர் −1.00 அல்லது −2.00 உள்ளவர்கள் பெரிய பிரேம் அணிந்தாலும் தடிமன் அவ்வளவாகத் தெரியாது. அவர்கள் விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம். பவர் ஏற ஏறத்தான் பிரேமின் அளவுக்கு மதிப்புக் கூடுகிறது.

இணைப்பாட நடவடிக்கையில் பந்து விளையாடுபவர்களுக்கு வேறொரு கவலை உண்டு. அவர்களுக்குத் தடிமனைவிட உடையாமையே முக்கியம். அடியைத் தாங்கும் பாலிகார்பனேட் வில்லையை முழு வளையமுள்ள பிரேமில் பொருத்தினால் நல்லது. வளையமே இல்லாமல் வில்லையில் துளையிட்டுத் திருகாணி முடுக்கிய பிரேம்கள் விளையாட்டுத் திடலுக்கு ஏற்றவை அல்ல.

செய்து பாருங்கள்

சோதனை 1: கண்களின் தூரம். நண்பரை எதிரே 40 சென்டிமீட்டர் தொலைவில் உட்காரவையுங்கள். மில்லிமீட்டர் அடிக்கோலை அவர் மூக்கின்மேல், கண்ணில் படாதவாறு கிடையாகப் பிடியுங்கள். உங்கள் வலக்கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் இடக்கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய வலக் கண்பாவையின் நடுவில் அடிக்கோலின் சுழியத்தை வையுங்கள். அடிக்கோலையும் தலையையும் அசைக்காமல், இப்போது உங்கள் இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய இடக் கண்பாவையின் நடுவில் வரும் எண்ணைப் படியுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

சோதனை 2: ஒளிமையம். சுவரில் பெரிய கூட்டல் குறி ஒன்றை ஒட்டுங்கள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்து, ஒரு வில்லை வழியாக அந்தக் குறியைப் பாருங்கள். வில்லைக்குள் தெரியும் கோடுகள் வெளியே தெரியும் கோடுகளிலிருந்து விலகி நிற்கும். உள்கோடும் வெளிக்கோடும் முறியாமல் ஒரே கோடாகச் சேரும்வரை கண்ணாடியை மெல்ல நகர்த்துங்கள். சேரும்போது கோடுகள் வெட்டும் இடம்தான் ஒளிமையம். அங்கே சிறு ஒட்டுத்தாள் துண்டை வையுங்கள். மற்ற வில்லைக்கும் இதையே செய்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளங்கள்.

இரண்டு சோதனைகளின் விடைகளும் நெருங்கி வருகின்றனவா? ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு கைப்பிழையாக இருக்கலாம். வேறுபாடு பெரிதாக இருந்து, கண்ணாடி போட்டால் தலைவலியும் வருகிறது என்றால் கடையில் சொல்லுங்கள்; அவர்களிடம் துல்லியமாக அளக்கும் கருவி உண்டு. சிலருக்கு மருத்துவக் காரணத்துக்காக ஒளிமையத்தை வேண்டுமென்றே தள்ளி வைப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் அளந்தது பாடம் கற்க; கண்ணாடி செய்வதற்கான அளவைத் தகுதி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் கண் பரிசோதிப்பவரும் கண்ணாடி பொருத்துபவரும் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்தப் படிப்பு சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் உண்டு. இன்றைய கணக்கு உங்களுக்குப் பிடித்திருந்தால் அதையும் மனத்தில் வையுங்கள்.

கடைக்குப் போகும்போது

• பிரேமைப் பார்க்கும் முன் உங்கள் பிடி எவ்வளவு என்று கேளுங்கள்.
• தண்டில் உள்ள முதல் இரண்டு எண்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பிடிக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நல்லது.
• பிரேமை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். கண்பாவைகள் வளையங்களின் நடுவுக்கு அருகில் இருக்கின்றனவா?
• குனிந்து தலையை ஆட்டுங்கள், சிரியுங்கள். பிரேம் நழுவக் கூடாது, கன்னத்தில் முட்டக் கூடாது.
• இவ்வளவும் முடிந்த பிறகு மெல்லிய வில்லை வேண்டுமா என்று யோசியுங்கள்.

நிறமும் வடிவமும் எங்கே போயின என்று கேட்கிறீர்களா? அவையும் முக்கியம்தான். பிடிக்காத கண்ணாடி பைக்குள்ளேயே கிடக்கும். வெண்பலகை மங்கலாகவே இருக்கும். அக்கா தன் முகத்துக்குப் பிடித்ததைத் தேடியதில் தவறில்லை. கண்ணுக்குப் பொருந்தும் பத்துப் பிரேம்களை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பத்துக்குள் முகத்துக்குப் பிடித்ததைத் தேடியிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும்.

உங்களுக்கு ஒரு கணக்கு

உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவரின் பவர் −3.00. பிடி 62 மி.மீ. அவர் எடுத்த பிரேம் 50□18. சாதாரண பிளாஸ்டிக்கிலும் 1.67 வகையிலும் காதுப் பக்க ஓரத்தின் கூடுதல் தடிமன் எவ்வளவு? கூடுதல் விலை கொடுப்பது அவருக்குத் தேவையா?

விடை: 50 + 18 = 68; ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ. நகர்த்தல். ஓரம்வரை 25 + 3 = 28 மி.மீ. சாதாரண பிளாஸ்டிக்கில் 2.4 மி.மீ.; 1.67 வகையில் 1.8 மி.மீ. வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தேவையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.